நாற்பதாவது தாள்

கொழும்பு,
18.01.2024

அன்புள்ள ராணி அக்காவுக்கு,

நான் இங்கே நல்ல சுகம். பொங்கலுக்கு வர முடியாமல் போனதில்தான் மனசுக்குச் சுகமில்லை. உங்கள் முழங்கால் வலி எப்படி இருக்கிறது? அத்தானும் மகள் லோஜினியும் சளி பிடிக்காமல் இருக்கிறார்களா? பனி கொட்டுகிற மாதம் இது. காலையில் கொழுந்து எடுக்க மலைக்குப் போகும்போது காதைக் கட்டிக்கொண்டு போங்கள்.

போனில் கூப்பிடாமல் ஏன் கடிதம் என்று யோசிப்பீர்கள். இருக்கிற ஒரு போனும் அத்தானிடம். சிக்னல் கோயில் மேட்டில்தான் கிடைக்கும். அங்கே நின்று நீங்கள் பேசினால் பீலிக்குத் தண்ணீர் பிடிக்க வந்தவர்கள் எல்லாம் நம் பேச்சில் சேர்ந்துகொள்வார்கள். நான் கேட்கப் போவது அப்படிப் பேசுகிற விஷயம் அல்ல.

என் முதுகலைப் படிப்புக்கு ஓர் ஆய்வு எழுத வேண்டும் என்று சொன்னேன் அல்லவா, அதற்குத் தலைப்புக் கிடைத்துவிட்டது. தேயிலைத் தோட்டத்துப் பெண்களின் படிப்பு அவர்கள் பெறுகிற பிள்ளைகளின் எண்ணிக்கையை எப்படி மாற்றுகிறது, அதனால் குடும்பம் எப்படி முன்னேறுகிறது என்பதுதான் அது. படித்த பெண் பிந்திக் கல்யாணம் செய்கிறாள். குறைவாகப் பெறுகிறாள். பெற்றதை நன்றாகப் படிக்க வைக்கிறாள். அந்தப் பிள்ளைகள் நல்ல வேலைக்குப் போக, வீடு வளர்கிறது. வீடுகள் வளர நாடு வளர்கிறது. புத்தகங்கள் எல்லாம் இதைத்தான் சொல்கின்றன. நம் மேமலையிலும் இதுதான் நடந்திருக்கிறது என்று எனக்குத் தெரியும். அதை எழுத்தில் காட்ட வேண்டும்.

இத்துடன் நாற்பது கேள்வித்தாள்கள் வைத்திருக்கிறேன். மேமலை லய வீடுகளில் இருக்கும் நாற்பது பெண்களிடம் கேட்டு நிரப்பித் தர வேண்டும். எழுதத் தெரிந்தவர்கள் அவர்களே எழுதட்டும், மற்றவர்களுக்கு நீங்கள் எழுதுங்கள். அந்த நாற்பதில் நீங்களும் ஒருவர். நான் வந்து கேட்டால் “டவுனிலிருந்து மிஸ் வந்திருக்காங்க” என்று நல்ல பதிலாகச் சொல்வார்கள். உங்களிடம்தான் உள்ளதைச் சொல்வார்கள்.

தோட்டத்து ஆபீசுக்கு வருகிற தபால் எப்போது கைக்கு வருமோ தெரியாது. அதனால் கொட்டகலை பஜாரில் ஸுலைஹா ராத்தாவின் துணிக்கடை முகவரிக்கே அனுப்புகிறேன். லோஜினி டியூஷன் முடிந்து வரும்போது வாங்கிக்கொள்ளட்டும். இந்த வருடம் அவளுக்கு ஏ.எல். பரீட்சை என்பதை நினைத்தாலே எனக்குப் பெருமையாக இருக்கிறது.

உங்கள் உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

பாசமுள்ள தங்கச்சி,
தனுஷிகா


மேமலைப் பிரிவு, கொட்டகலை,
04.02.2024

அன்புத் தங்கச்சிக்கு அக்கா எழுதுவது,

எங்கள் மூன்று பேருக்கும் சுகத்தில் குறைவில்லை. முழங்கால் ஏறும்போது பேசாமல் இருக்கிறது, இறங்கும்போதுதான் பேசுகிறது. நீ நேரத்துக்குச் சாப்பிடுகிறாயா? என் எழுத்தைப் பார்த்துச் சிரிக்காதே. ஏழாம் வகுப்போடு நின்ற கை இது.

பின்னேரம் கொழுந்து நிறுத்துக் கொடுத்துவிட்டு வந்து, முகம் கழுவி, உன் தாள்களைத் தூக்கிக்கொண்டு லயம் லயமாகப் போகிறேன். முதல் நாள் பெரிய வரவேற்பு. புது வீட்டுக்குப் பேர் எழுதுகிறேன் என்று நினைத்துத் தேத்தண்ணி எல்லாம் கொடுத்தார்கள். விஷயம் தெரிந்ததும் பாதிப் பேருக்கு அடுப்பில் வேலை வந்துவிட்டது. நாகலெட்சுமி மட்டும் உட்கார்ந்து எல்லாக் கேள்விக்கும் பதில் சொன்னாள். கடைசியில், நாங்கள் பிள்ளை பெறுவதற்கும் நாடு வளர்வதற்கும் என்ன தொடர்பு என்று கேட்டாள். நீ எழுதியதை அப்படியே சொன்னேன். நாடு வளர்ந்தால் இந்தக் கூரைத் தகரத்தை மாற்றுவார்களா என்று கேட்டாள். அதற்குத் தாளில் இடம் இல்லை என்றேன்.

அம்மாக்கண்ணு அக்காவிடம் “பிள்ளைகள் எத்தனை” என்று கேட்டபோது அவர், “உசிரோட இருக்கறதக் கேக்குறியா, பெத்ததக் கேக்குறியா?” என்றார். உன் தாளில் ஓர் இடம்தான் இருக்கிறது. பெற்றது ஏழு, இருப்பது நாலு. எதை எழுதுவது என்று தெரியாமல் இரண்டையும் எழுதி வைத்திருக்கிறேன்.

பக்கத்துக் காம்பராவில் இருக்கும் தனுஜாவை உனக்கு ஞாபகம் இருக்கும். இப்போது இருபத்தெட்டு வயது. இரண்டு பிள்ளைகள், மூன்றாவது வயிற்றில். ஒன்பதாம் வகுப்புப் படித்தவள், தன் தாளைத் தானே எழுதினாள். எழுதி முடித்துவிட்டு, “பரீட்ச எழுதுன மாதிரி இருக்குக்கா” என்று சிரித்தாள்.

இத்துடன் இருபத்திரண்டு தாள்கள். மிச்சத்தைப் பிறகு அனுப்புகிறேன். லோஜினி உனக்கு முத்தம் சொல்லச் சொன்னாள்.

அக்கா,
ஜீவராணி


கொழும்பு,
20.02.2024

அன்புள்ள அக்காவுக்கு,

தாள்கள் பத்திரமாகக் கிடைத்தன. எனக்கு உடம்புக்கு ஒன்றுமில்லை, வெயில்தான் ஆளை உருக்குகிறது. உங்கள் பக்கம் வறட்சி என்று செய்தியில் சொன்னார்கள். கொழுந்து குறைந்துவிட்டதா?

நீங்கள் எழுதியதை என் ஆய்வுக்கு வழிகாட்டும் சேரிடம் வாசித்துக் காட்டினேன். அம்மாக்கண்ணு அக்காவின் கேள்வியைக் கேட்டு அவர் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டார். அந்த ஒரு கேள்வி தன் மாணவர்கள் யாருக்கும் தோன்றவில்லை என்றார். இனிமேல் அடிக்கும் தாள்களில் இரண்டு இடம் போட்டுவிட்டேன்.

இருபத்திரண்டிலேயே நான் நினைத்தது தெரிய ஆரம்பித்துவிட்டது. அஞ்சாம் வகுப்போடு நின்றவர்களுக்கு நாலு, அஞ்சு. ஓ.எல். பரீட்சை எழுதியவர்களுக்கு இரண்டு. ஒரு படிக்கட்டு மாதிரி இறங்குகிறது. அந்தப் படத்தை வரைந்து சுவரில் ஒட்டி வைத்திருக்கிறேன். காலையில் எழுந்ததும் அதைத்தான் பார்க்கிறேன்.

மிச்சத்தைச் சீக்கிரம் அனுப்புங்கள். உங்கள் தாளை முதலில் தேடினேன், அந்தக் கட்டுக்குள் இல்லை. அத்தானுக்கு என் அன்பு.

தங்கச்சி,
தனுஷிகா


மேமலைப் பிரிவு,
17.03.2024

அன்புத் தங்கச்சி,

இந்தக் கடிதம் வரும்போது நீ நல்லபடி இருக்க வேண்டும். இங்கே போன கிழமையிலிருந்து மழை. கொழுந்து துளிர்த்துவிட்டது, காலையில் பேர் போடுகிற பெரட்டுக்கு ஒரு நிமிஷம் பிந்தினாலும் கங்காணி முகம் சுளிக்கிறார். அத்தான் காய்கறித் தோட்டத்தில் கூலி வேலைக்கும் போகிறார். லோஜினி புத்தகத்தை விட்டு எழும்புவதில்லை. சமையலுக்குக் கூப்பிட நினைப்பேன், தலையைக் குனிந்து எழுதிக்கொண்டிருப்பதைப் பார்த்ததும் கூப்பிட மனம் வராது.

இத்துடன் பதினேழு தாள்கள். முன்னால் அனுப்பியதோடு சேர்த்து முப்பத்தொன்பது. மிச்சம் இருந்த ஒன்றில் கூரைத் தண்ணீர் சொட்டி எழுத்தெல்லாம் ஊறிவிட்டது. ஒன்று குறைவதால் உன் படிப்புக்கு ஒன்றும் ஆகாது என்று நினைக்கிறேன்.

நல்ல செருப்பு வாங்கிக்கொள். போன தடவை வந்தபோது உன் குதிகால் வெடித்திருந்தது.

அக்கா,
ஜீவராணி


கொழும்பு,
30.03.2024

அன்பு அக்காவுக்கு,

சுகம், சுகமறிய ஆவல். செருப்பு வாங்கிவிட்டேன். முப்பத்தொன்பதும் வந்தன. அம்மாக்கண்ணு அக்காவுக்காக ஒரு மாலை வாங்கிப் போட வேண்டும் போலிருக்கிறது, அவ்வளவு உதவி.

ஒன்று குறைந்தால் பரவாயில்லை என்று எப்படிச் சொல்கிறீர்கள்? அந்த ஒன்று நீங்கள். புதுத் தாள் ஒன்று இத்துடன் வைத்திருக்கிறேன். பத்து நிமிஷ வேலை. சித்திரை வருசத்துக்கு இரண்டு நாள் லீவில் வருவேன், அப்போது கையிலேயே தாருங்கள்.

தங்கச்சி,
தனுஷிகா


மேமலைப் பிரிவு,
12.05.2024

அன்புத் தங்கச்சி தனுஷிகாவுக்கு,

நலமாகப் போய்ச் சேர்ந்தது தெரிந்தது. வருசத்துக்கு நீ வந்து போன பிறகு இரண்டு மூன்று நாள் வீடு வெறிச்சென்று கிடந்தது. நீ படுத்த பாயை லோஜினி சுருட்ட விடவில்லை.

இங்கே எல்லோருக்கும் சுகம். மழை விடவில்லை. பிள்ளைக்காம்பராவுக்குப் புது ஆயா வந்திருக்கிறாள். கைப்பிள்ளைகளை அவளிடம் விட்டுவிட்டுத் தாய்மார் தைரியமாக மலைக்குப் போகிறார்கள். தனுஜாவுக்குக் கால் வீங்குகிறது. கிளினிக்குக்குக் கூட்டிக்கொண்டு போனேன். லோஜினிக்குப் பாடசாலையில் கணக்கில் முதல் இடம்.

வேறு விசேஷம் இல்லை. உடம்பைப் பார்த்துக்கொள்.

அக்கா,
ஜீவராணி


கொழும்பு,
26.05.2024

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். உங்கள் நலத்தை லோஜினியின் முதல் இடத்திலேயே தெரிந்துகொண்டேன். அவளுக்கு ஒரு பேனைப் பெட்டி அனுப்புகிறேன்.

நீங்கள் தாளைப் பற்றி எழுதவே இல்லை. வருசத்துக்கு வந்தபோது கேட்கலாம் என்று பார்த்தேன், இரண்டு நாளும் நீங்கள் அடுப்படியை விட்டு வெளியே வரவில்லை. பலகாரம் சுடுகிற எண்ணெய்க்கு முன்னால் கேள்வித்தாளை நீட்ட எனக்கும் கூச்சமாக இருந்தது.

பரவாயில்லை அக்கா, நானே நிரப்பிவிட்டேன். உங்களை எனக்குத் தெரியாதா? கல்யாணம் பத்தொன்பது வயதில். பெற்றது இரண்டு, இருப்பது ஒன்று. நிரஞ்சனின் பெயரை எழுதும்போது கை நின்றது. பிறகு எழுதினேன். “ஏன் நிறுத்தினீர்கள்” என்ற இடத்தில் “பிள்ளையைப் படிக்க வைப்பதற்காக” என்று போட்டேன். குறிப்பு எழுதும் இடத்தில் இப்படி எழுதியிருக்கிறேன்: “பள்ளிப் படிப்புக் குறைவாக இருந்தும், விழிப்புணர்வால் தானே முடிவெடுத்து ஒரு பிள்ளையோடு நிறுத்தி, அவளை உயர்தரம் வரை படிக்க வைத்த தாய்.”

அடுத்த மாதம் பல்கலைக்கழகத்தில் ஒரு கருத்தரங்கு இருக்கிறது. என் ஆய்வைப் பற்றிப் பேசச் சொல்லியிருக்கிறார்கள். கடைசியில் நாற்பதாவது பெண்ணைப் பற்றித்தான் பேசப் போகிறேன். பெயர் சொல்லமாட்டேன். ஆனால் எனக்குத் தெரியும், அது என் அக்கா என்று.

என்றும் உங்கள்,
தனுஷிகா


மேமலைப் பிரிவு,
09.06.2024

என் அன்புத் தங்கச்சிக்கு,

எல்லோரும் சுகம். நீயும் சுகமாக இருந்துகொண்டு இதை வாசிக்க வேண்டும். வேலைக்கு நடுவில் வாசிக்காதே. ஓர் இடத்தில் உட்கார்ந்து வாசி.

நீ எழுதியதை நாலு தரம் வாசித்தேன். நல்ல தாயைப் பற்றி எழுதியிருக்கிறாய். அது நான் இல்லை தங்கச்சி.

முதல் தாள் நனையவில்லை. பெட்டிக்குள் இருக்கிறது. நீ அனுப்பிய இரண்டாவது தாளும் அதோடுதான் இருக்கிறது. இரண்டு தரமும் எழுத உட்கார்ந்தேன். பேர், வயது, படிப்பு எல்லாம் எழுதினேன். “ஏன் நிறுத்தினீர்கள்” என்ற கேள்விக்கு நீ நாலு விடை அச்சடித்திருந்தாய். எதற்குப் பக்கத்திலும் புள்ளடி போட எனக்குக் கை வரவில்லை. நான் நிறுத்தவில்லை.

நிரஞ்சன் பிறந்தபோது எனக்கு இருபத்திநாலு வயது. அத்தான் கொழும்பில் கடை வேலையில் இருந்தார். நீ விடுதியில் இருந்தாய். பிள்ளை பிறந்த மறுநாள் ஆஸ்பத்திரியில் ஓர் அம்மா வந்து, இரண்டு பிள்ளைகள் இருக்கிறதுதானே, ஒரு சின்ன ஆபரேஷன் செய்வோம், கொஞ்ச காலத்துக்குப் பிள்ளை தங்காது, உடம்பு தேறும் என்றார். கெட்ட மனுசி இல்லை. காலையில் எனக்குத் தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தவர் அவர்தான். எங்கள் பக்கத்துத் தோட்டத்துப் பெண்கள் இரண்டு பேரிடமும் அதையே சொன்னார். தாளையும் பேனையையும் நீட்டினார்.

இதை நான் இதுவரை ஒருவரிடமும் சொன்னதில்லை. அந்தத் தாளில் தமிழும் இருந்தது. சிங்களத்துக்குக் கீழே, சின்ன எழுத்தில். எனக்கு வாசிக்கத் தெரியும். ஆனால் அவர் பேனையை நீட்டியபடியே நின்றார். எனக்குப் பிறகு இரண்டு பேர் காத்திருந்தார்கள். “வாசிச்சிட்டுத் தர்றேன்” என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஏழு வருடம் பள்ளிக்கூடத்தில் எழுத்துப் படித்தேன். அந்த ஒரு வசனத்தை யாரும் சொல்லித் தரவில்லை. அது எட்டாம் வகுப்பில் இருந்ததோ என்னவோ.

அவர் காட்டிய இடத்தில் பேர் எழுதினேன். என் கையெழுத்து அழகாக இருக்கிறது என்று சொன்னார்.

நிரஞ்சன் இரண்டு வயதில் நெஞ்சுச் சளியில் போனது உனக்குத் தெரியும். உன் ஏ.எல். பரீட்சைக்கு மூன்று கிழமை இருந்தது. முடியும்வரை உனக்குச் சொல்லக்கூடாது என்று எல்லோரையும் நான்தான் தடுத்தேன். அதற்கு ஆறு மாதம் கழித்து அத்தான் ஒரு நாள், “இன்னொன்னு பெத்துக்குவோம் ராணி” என்றார். எனக்கும் ஆசை இருந்தது. கொஞ்ச காலத்துக்கு என்றுதானே சொன்னார்கள், அந்தக் காலம் முடிந்திருக்கும் என்று நினைத்தேன். ஒரு வருடம் பார்த்துவிட்டு கிளினிக்குக்குப் போய்க் கேட்டேன். அங்கே இருந்த தாதிப் பிள்ளை என் அட்டையைப் பார்த்துவிட்டு, பிறகு என் முகத்தைப் பார்த்தது. அது திரும்பத் திறக்காது என்று மெதுவாகச் சொன்னது.

வீட்டுக்கு வந்து அத்தானிடம் சொன்னேன். அவர் பீலிக்குப் போய்க் காலைக் கழுவினார். வெகு நேரம் கழுவினார். அன்றிலிருந்து இன்றுவரை அதைப் பற்றி அவரும் பேசவில்லை, நானும் பேசவில்லை. லோஜினியை அஞ்சு வருடமாக டியூஷனுக்குக் கூட்டிக்கொண்டு போய், மழையில் கடை வாசலில் நின்று கூட்டிக்கொண்டு வருகிறார்.

உன் மேல் எனக்குக் கோபம் இல்லை. உன் புத்தகம் பொய் என்றும் சொல்லவில்லை. ஒன்று மட்டும் எனக்கே தெரியாமல் இருக்கிறது. நிரஞ்சன் இருந்து, அவனுக்குப் பிறகும் ஒன்று இருந்திருந்தால் லோஜினியை ஏ.எல். வரை விட்டிருப்பேனா? சின்னதைப் பார்த்துக்கொள் என்று அவளை நிறுத்தியிருப்பேனா? கொழுந்து எடுக்கும்போது இதை எத்தனையோ நாள் யோசித்திருக்கிறேன். உன் தாளில் இந்தக் கேள்வி இருக்கிறதா என்று தேடினேன். இல்லை. உன் கணக்கு சரியாகத்தான் இருக்கும். என்னைத்தான் தவறான பெட்டியில் போட்டுவிட்டாய்.

வாசித்ததும் கிழித்துப் போடு. நேரத்துக்குச் சாப்பிடு.

அக்கா,
ஜீவராணி


மேமலைப் பிரிவு,
21.07.2024

அன்புத் தங்கச்சி,

உன் உடம்புக்கு ஒன்றும் இல்லையே? ஆறு கிழமையாகக் கடிதம் இல்லை. லோஜினி ஒவ்வொரு சனிக்கிழமையும் ஸுலைஹா ராத்தாவின் கடையில் கேட்டுவிட்டு வருகிறாள். அத்தான் போனில் கூப்பிட்டபோது நீ நன்றாக இருப்பதாகச் சொன்னாயாம். பிறகு மழையைப் பற்றிக் கேட்டாயாம்.

உன்னைக் கஷ்டப்படுத்த நான் அதை எழுதவில்லை. எழுதாமலே இருந்திருக்கலாம் என்று இப்போது தோன்றுகிறது. நீ எழுதிய அந்தத் தாயை அப்படியே வைத்துக்கொள். யாருக்கும் நட்டம் இல்லை. உன் படிப்பு கெடக்கூடாது.

ஒரு வரி போடு. போதும்.

அக்கா


கொழும்பு,
29.07.2024

என் அக்காவுக்கு,

உடம்புக்கு ஒன்றுமில்லை. உங்களை இத்தனை நாள் தவிக்க விட்டதற்கு என்ன சொல்வது என்று தெரியவில்லை. ஒன்பது கடிதம் எழுதிக் கிழித்தேன். இதைக் கிழிக்கமாட்டேன்.

உங்கள் கடிதம் கருத்தரங்குக்கு முதல் நாள் கிடைத்தது. நீங்கள் சொன்னபடி ஓர் இடத்தில் உட்கார்ந்து வாசித்தேன். மறுநாள் போய்ப் பேசினேன். முப்பத்தொன்பது பேரைப் பற்றி மட்டும் பேசினேன். படம் காட்டினேன், கைதட்டினார்கள். கீழே இறங்கி வந்து சேரிடம் நாற்பதாவது தாளை நானே நிரப்பியதைச் சொன்னேன். திட்டுவார் என்று நினைத்தேன். அவர், “மத்த முப்பத்தொம்பது பேர்கிட்டயும் யார் முடிவு செஞ்சதுன்னு கேட்டீங்களா?” என்றார். நான் கேட்கவில்லை அக்கா. அந்தக் கேள்வியே தாளில் இல்லை. எத்தனை பிள்ளை, எத்தனை வயதில், ஏன் என்று கேட்டேன். படித்தவள் குறைவாகப் பெற்றால் அது அவள் முடிவு என்று நானே வைத்துக்கொண்டேன்.

சுவரில் இருந்த படத்தை எடுத்துவிட்டேன். அது பொய் இல்லை. ஆனால் அதைப் பார்த்துக்கொண்டு காலையில் எழும்ப என்னால் முடியவில்லை.

இன்னொன்று. எட்டாம் வகுப்பில் இருந்ததோ என்னவோ என்று எழுதியிருந்தீர்கள். பிள்ளைக்காம்பராவில் விட்டால் நான் வாந்தி எடுக்கிறேன் என்று உங்களை ஏழாம் வகுப்போடு வீட்டில் நிறுத்தியபோது எனக்கு நாலு வயது. அதனால் எனக்கு அது ஞாபகம் இல்லை. எனக்கு ஞாபகம் இருப்பதெல்லாம் நீங்கள் எனக்குத் தலை வாரி, சப்பாத்து மாட்டி, பள்ளிக்கூட வாசல் வரை வந்து நின்றதுதான். உள்ளே வராமல் ஏன் வாசலில் நின்றீர்கள் என்று நான் ஒருநாளும் கேட்டதில்லை. உங்கள் எட்டாம் வகுப்பு நான்தான் அக்கா. மன்னியுங்கள் என்று எழுதினால் நீங்கள் திட்டுவீர்கள். அதனால் எழுதவில்லை.

நான் நிரப்பிய தாளைக் கிழித்துவிட்டேன். உங்கள் கடிதத்தைக் கிழிக்கவில்லை. அது என்னிடமே இருக்கும், ஆய்வில் வராது.

இப்போது ஒரு வேண்டுகோள். உங்களுக்கு மனம் இருந்தால் மட்டும், அந்த முப்பத்தொன்பது பேரிடமும் யார் முடிவு செய்தது என்று ஒரு கேள்வி மட்டும் கேட்டு எழுதுங்கள். மனம் இல்லையென்றால் விட்டுவிடுங்கள். நான் ஒன்றும் நினைக்கமாட்டேன்.

அத்தானை அடுத்த தடவை பார்க்கும்போது அவர் காலைத் தொட்டுக் கும்பிட வேண்டும் போலிருக்கிறது. ஏன் என்று கேட்டால் என்ன சொல்வது?

உங்கள்,
தனுஷிகா


மேமலைப் பிரிவு,
08.09.2024

அன்புத் தங்கச்சி தனுஷிகாவுக்கு,

உன் கடிதம் கண்டதில் பாதிச் சீக்கு போய்விட்டது. மீதி முழங்காலில் இருக்கிறது. அத்தான் சுகம், லோஜினி சுகம். அவர் காலையெல்லாம் தொட வேண்டாம், பயந்துவிடுவார். ஒரு நல்ல குடை வாங்கி வா.

நீ கேட்ட கேள்வியைக் கேட்டுவிட்டேன். அதற்காகத்தான் இத்தனை நாள் ஆனது. முதல் தடவை தாளோடு போனபோது ஒருவருக்குக் கால் மணி நேரம்கூட ஆகவில்லை. இந்த ஒரு கேள்விக்கு ஓர் ஆளிடம் ஒரு பின்னேரம் போனது. முதலில் சிரித்தார்கள். பிறகு எழுந்து போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தார்கள். நாகலெட்சுமி, எல்லாம் மாமியார் முடிவு என்று சொல்லிவிட்டு, மாமியார் செத்த பிறகு பெற்ற மூன்றும் யார் முடிவு என்று தானே யோசித்துக்கொண்டிருந்தாள். பதினொரு பேர் நானும் வீட்டுக்காரரும் பேசித்தான் என்றார்கள். அதில் எட்டுப் பேர் ஓ.எல். வரை போனவர்கள். உன் படிக்கட்டு அதிலும் இருக்கிறது, பார்த்துக்கொள். ஆறு பேர் என்னைப் போல. அந்த ஆறு பேரோடு இத்தனை வருடம் ஒரே மலையில் கொழுந்து எடுத்திருக்கிறேன். ஒருவருக்கும் மற்றவரைத் தெரியாது.

அந்த ஆறு பேரிடமும் தனுஜாவிடமும்தான் என் கதையையும் சொன்னேன். நீ கேட்காமல் இருந்திருந்தால் சொல்லியிருக்கமாட்டேன். என் தாளையும் இத்துடன் வைத்திருக்கிறேன். யார் முடிவு என்ற இடத்தில் ஒரு கோடு போட்டிருக்கிறேன். வேறு எழுதத் தெரியவில்லை. அதை அப்படியே உன் கணக்கில் சேர்த்துக்கொள்.

இனி தனுஜாவின் சங்கதி. போன செவ்வாய்க்கிழமை அவளுக்கு வலி எடுத்தது. அவள் தாய் ஊரில் இல்லை. நானும் அவள் புருசனும் ஆட்டோவில் டவுன் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். பெண் பிள்ளை. சுகப் பிரசவம். மறுநாள் மத்தியானம் நான் கஞ்சி கொண்டுபோனபோது, ஒரு தாதி தாளோடு வந்தார். நல்ல பிள்ளை, தமிழ் கொஞ்சம்தான் வரும். மூன்று பிள்ளைகள் இருப்பதால் ஆபரேஷன் செய்ய விருப்பமா என்று கேட்டு, கையெழுத்துப் போடச் சொல்லி நீட்டினார்.

பதினைந்து வருடத்துக்கு முந்தி இருந்த அதே நீலக் கட்டில், அதே வாடை. தனுஜா என்னைப் பார்த்தாள். அவளிடம் என் கதையை முன்னமே சொல்லியிருந்தேன். அவள் தாளை வாங்கி மடியில் வைத்துக்கொண்டு, “வாசிச்சிட்டுத் தர்றேன் மிஸ்” என்றாள்.

தாதி கடிகாரத்தைப் பார்த்தார். கோபப்படுவார் என்று நினைத்தேன். அவர் தலையாட்டிவிட்டு அடுத்த வேலைக்குப் போய்விட்டார். அவ்வளவுதான் தங்கச்சி. நான் பதினைந்து வருடமாகப் பயந்த இடம் அவ்வளவுதான்.

தனுஜா ஒவ்வொரு சொல்லாக வாசித்தாள். ‘நிரந்தரமானது’ என்ற இடத்தில் நின்றாள். “இது என்னாக்கா?” என்று கேட்டாள். திரும்ப மாற்ற முடியாது என்று சொன்னேன். கையெழுத்துப் போடாமல் தாளைத் திருப்பிக் கொடுப்பாள் என்றுதான் நான் நினைத்தேன். கொடுக்க வேண்டும் என்று என் மனம் கும்பிட்டுக்கொண்டிருந்தது. அவள் தன் புருசனை உள்ளே கூப்பிடச் சொன்னாள். இரண்டு பேரும் மெதுவாகப் பேசினார்கள். அவன் வெளியே போன பிறகு தாதியைக் கூப்பிட்டு, வேறு வழிகள் இருக்கிறதா, அதெல்லாம் எப்படி என்று கேட்டாள். அந்தத் தாதிப் பிள்ளை கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, கையைக் காட்டி, படம் போட்டு எல்லாம் சொன்னது. விளங்காத இடத்தில் தமிழ் தெரிந்த இன்னொரு தாதியைக் கூட்டிக்கொண்டு வந்தது.

எல்லாம் கேட்டுவிட்டுத் தனுஜா கையெழுத்துப் போட்டாள்.

நான் அவள் முகத்தையே பார்த்தேன். “எனக்கு மூணு போதும்க்கா. இது மூணையும் நான் படிக்க வச்சுருவேன்” என்றாள். எனக்கு முதலில் யாரோ கன்னத்தில் அறைந்த மாதிரி இருந்தது. நான் சொன்னது எல்லாம் கேட்டும் இவள் இப்படிச் செய்கிறாளே என்று நினைத்தேன். பிள்ளையை என்னிடம் தந்துவிட்டுக் கஞ்சியைக் குடித்தாள். கடைசிச் சொட்டு வரைக்கும் குடித்தாள். அப்படி நிம்மதியாக ஒரு பிள்ளைபெற்றவள் கஞ்சி குடித்து நான் பார்த்ததில்லை. அப்போதுதான் எனக்கு விளங்கியது. நானும் அவளும் ஒரே தாளில்தான் பேர் எழுதியிருக்கிறோம். ஆனால் அவள் எழுதினாள்.

பிள்ளையைக் கொடுத்துவிட்டு, மூன்றரை பஸ்ஸைப் பிடிக்கலாம் என்று எழுந்தேன். பக்கத்துக் கட்டிலில் ஒரு பெண் இருந்தாள். இருபத்திரண்டு, இருபத்துமூன்று வயது இருக்கும். வேறு தோட்டம். அவள் கையிலும் ஏதோ தாள் இருந்தது. எங்களையே பார்த்துக்கொண்டு இருந்திருக்கிறாள். “அக்கா, நீங்க நர்சம்மாவா?” என்று கேட்டாள். இல்லை, கொழுந்து எடுக்கிறேன் என்றேன். “எனக்கும் ஒண்ணு தந்திருக்காங்க. என்னான்னு பாத்துச் சொல்றீங்களா?” என்று தாளை நீட்டினாள்.

நான் அதை வாங்கவில்லை. ஸ்டூலை இழுத்து அவள் கட்டிலுக்குப் பக்கத்தில் போட்டு உட்கார்ந்தேன்.

“நீயே வாசி. நான் பக்கத்துல இருக்கேன்” என்றேன்.

உன் அக்கா,
ஜீவராணி